காட்டுப் பட்டுப்பூச்சியும் அதனைக் கண்டோரும்

பட்டு என்றதும் தமிழர் மனத்திலே தோன்றுவது காஞ்சிபுரத்துச் சேலையும் மணவறையுமே. அந்த இழையை நூற்றுத் தரும் பூச்சியை நேரிற் கண்டவர் சிலர். அப்பூச்சியோ பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனுடைய தட்டிலே வளர்ந்து, முசுக்கட்டை இலையைத் தவிர வேறொன்றும் அறியாது, சிறகிருந்தும் பறக்க மறந்துபோன உயிர். ஆனால் மனிதனுக்கு அடங்காத பட்டுப்பூச்சிகளும் உள. அவை காட்டிலே பிறந்து, காட்டிலே கூடு கட்டி, இருளிலே துணை தேடி, ஒரு வாரத்துக்குள் வாழ்வை முடித்துக்கொள்வன. அவற்றை மனிதர் எவ்வாறு கண்டனர், எதைக் கண்டனர், எதைக் காணாது விட்டனர் என்பது ஒரு சுவையான வரலாறு. அந்த வரலாற்றிற் சில பக்கங்கள் இலங்கையிலும் எழுதப்பட்டன.

கண்டிக்கு வடக்கே, மத்திய மலைநாடு தாழ்ந்து வறண்ட சமவெளியோடு கலக்கும் இடத்தில் மாத்தளை மாவட்டம் அமைந்துள்ளது. அதன் கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் 1,800 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கின்றது. மூடிய கையின் விரல் முட்டுகளைப் போலத் தோன்றுவதால் ஆங்கிலேயர் அதற்கு இட்ட பெயர் அது. மாவட்டத்தின் வடக்கே தம்புள்ளைக் குகைக் கோயிலும் சிகிரியாக் குன்றும் வறள்வலயக் காட்டிடையே விளங்குகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே உக்குவளை, இரத்தோட்டை, எல்கடுவை முதலிய ஊர்களைச் சூழ்ந்து தேயிலையும் கொக்கோவும் மிளகும் கராம்பும் கறுவாவும் வளர்கின்றன. ஈரக்காட்டு மரமும் வறள்காட்டு மரமும் தோட்டப்பயிரும் ஒரு நாள் நடைக்குள் அடுத்தடுத்துக் காணப்படும் இத்தகைய நிலம் காட்டுப் பட்டுப்பூச்சிகளுக்கு ஏற்றது.

இலங்கையில் வாழும் இப்பூச்சிகளுள் மூன்று சிறப்பாகக் குறிப்பிடத்தக்கன. முதலாவது, அட்லஸ் எனப்படும் மாபெரும் அந்துப்பூச்சி. விரித்த சிறகு ஒரு சாணுக்கு மேல் இருக்கும். செம்மண் நிறத்துச் சிறகின் நடுவே கண்ணாடிச் சாளரம் வைத்தாற்போல ஒளி ஊடுருவும் புள்ளிகள் தோன்றும். இரண்டாவது, சந்திர அந்து. இளம்பச்சைச் சிறகும், பின்னே நீண்டு தொங்கும் இரு வால்களும் உடையது. 1807 ஆம் ஆண்டில் ஹியூப்னர் என்னும் செர்மானியர் கிரேக்கரின் நிலவுத் தெய்வமாகிய செலீனியின் பெயரை அதற்குச் சூட்டினார். மூன்றாவது, தசர்ப்பட்டைத் தரும் இனத்தைச் சேர்ந்த, மஞ்சளும் பழுப்பும் கலந்த பூச்சி. இம்மூன்றின் புழுக்களும் நாட்டு வாதுமை, மருது, ஒதி, கொய்யா, கறுவா முதலிய மரங்களுள் தத்தமக்கு உரியவற்றின் இலையைத் தின்று வளர்வன.

இவற்றின் வாழ்வில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. வளர்ந்த பூச்சிக்கு உண்ணும் வாய் இல்லை. புழுவாக இருந்த நாளிலே தின்று சேர்த்த கொழுப்பே அதன் முழுச் செல்வம். கூட்டை விட்டு வெளிவந்த நாள் முதல் அச்செல்வம் கரைந்துகொண்டே போகும். ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் அது தன் துணையைக் கண்டு, முட்டையிட்டு, மடிய வேண்டும். உணவு தேடுதல், கூடு அமைத்தல், குஞ்சு பேணல் ஆகிய கவலைகள் எவையும் அதற்கு இல்லை. துணை தேடுதல் ஒன்றே அதற்கு வாழ்வு. ஆதலால் அதன் கூடலை அறியாதவர் அப்பூச்சியை அறிந்தவர் ஆகார்.

தமிழர் விட்டிலை அறியாதவரல்லர். ஐம்புலன்களில் ஒவ்வொன்றின் வயப்பட்டு அழியும் உயிர்களை நம் முன்னோர் நிரலே கூறுவர். யானை ஊற்றினாலும், மீன் சுவையினாலும், வண்டு நாற்றத்தினாலும், அசுணம் ஓசையினாலும், விட்டில் ஒளியினாலும் கெடும் என்பது அவர்கள் கொள்கை. விளக்கில் வீழும் விட்டிலை நாள்தோறும் கண்டவர்கள் அதனைக் கண் என்னும் புலனுக்கு ஒதுக்கியது இயல்பே. ஆயினும் அந்த வரிசையில் விட்டிலுக்கு உரிய இடம் அதுதானா என்பதை அறிய உலகம் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இலங்கைக்கு வந்த ஐரோப்பியர் முதலில் தேடியது பூச்சியையன்று, பட்டையே. கொழும்புக்கு அருகே களனி ஆற்றங்கரையில் ஒரு நிலத்துண்டு, பட்டுத்தோட்டம் என்று பொருள்படும் போர்த்துக்கீசப் பெயரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் தாங்கியிருந்தது. போர்த்துக்கீசர் செய்த முயற்சிக்கு அப்பெயர் ஒன்றே எஞ்சிய சான்று. அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். ஆளுநராக விளங்கிய ரைக்லோப் வான் கூன்ஸ் 1663 இல் பதவியை ஒப்படைக்கும்போது, யாழ்ப்பாணத்திலே பட்டுப்புழு வளர்க்கும் சோதனை தொடங்கியிருப்பதையும், தாம் நட்ட முசுக்கட்டை மரங்கள் நன்கு வளர்வதையும் தமக்குப் பின் வருபவருக்கு எழுதி வைத்தார். மறு ஆண்டு அறிக்கையிலும் அம்மரங்களைப் பற்றிய பேச்சு உண்டு. அதன்பின் அம்முயற்சி கைவிடப்பட்டது. அவர்கள் வளர்க்க முயன்றது வெளியிலிருந்து கொணர்ந்த வீட்டுப் பட்டுப்பூச்சி. வேலிக்கு வெளியே காட்டிலே தானாக வாழ்ந்த பூச்சியை அவர்கள் பொருட்படுத்தினார் அல்லர்.

அதனைப் பொருட்படுத்தி எழுதியவர் சேர் எமேர்சன் தெனென்ற். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த அவர், தாயகம் திரும்பிய பின் 1861 இல் இலங்கையின் இயற்கை வரலாற்றைத் தனிநூலாக வெளியிட்டார். கறுவா இலையைத் தின்னும் அட்லஸ் பூச்சி கொழும்புத் தோட்டங்களிற் சாதாரணமாகக் காணப்படுகின்றது என்றும், சிறகை விரித்தால் ஓரடிக்குச் சற்றே குறையும் என்றும் அதில் எழுதினார். வடக்கே செல்லச்செல்ல அதன் இடத்தைத் தசர்ப்பூச்சி பிடித்துக்கொள்கின்றது என்றும், வாதுமையும் ஆமணக்கும் அங்கே மிகுந்திருப்பதே அதற்குக் காரணம் என்றும் கருதினார். ஓர் உயிரின் இருப்பிடத்தை அதன் உணவு மரத்தோடு சேர்த்து நோக்கிய பார்வை பாராட்டத்தக்கது. ஆயினும் அவருடைய எண்ணமும் பட்டிலேயே போய் முடிந்தது. இத்தனை உணவு மரங்கள் இருந்தும் இந்த நாடு பட்டு வளர்க்கவில்லையே, பௌத்த துறவியரின் பட்டாடைகள் கூடச் சீனத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அல்லவா வருகின்றன என்று அவர் வருந்தினார்.

இதே காலத்தில் இந்தியாவின் காட்டு மக்களிடையே வேறொரு வகை அறிவு வழிவழியாக வாழ்ந்துகொண்டிருந்தது. கல்கத்தாத் தாவரவியற் பூங்காவின் தலைவராக இருந்த வில்லியம் றொக்ஸ்பரோ, வங்காளத்துத் தசர்ப்பூச்சியையும் எரிப்பூச்சியையும் பற்றி 1804 இல் இலண்டன் லினேயன் சங்கத்தின் வெளியீட்டிற் கட்டுரை எழுதினார். கல்லூரி வாசலை மிதியாத வளர்ப்போர் பலர் அப்பூச்சிகளின் பருவம், உணவு, கூடல் ஆகியவற்றை நுட்பமாக அறிந்திருந்தனர். அசாம் நாட்டில் பொன்னிறமான மூகாப் பட்டுக்காகப் பூச்சி வளர்ப்போர், கூடிய பெண்பூச்சியை வைக்கோற் கற்றையில் மெல்லிய நூலாற் கட்டித் தொங்கவிடுவர். அது அக்கற்றையிலே முட்டையிடும். பெண் ஓரிடத்தில் அசையாதிருக்க, ஆண் நாடி வரும் என்பது அவர்கள் தொழிலின் அடிப்படை. எது அந்த ஆணை அழைத்து வருகின்றது என்ற கேள்வி தொழிலுக்குத் தேவைப்படவில்லை. ஆகவே அது கேட்கப்படவும் இல்லை.

இலங்கையில் பூச்சியைப் பூச்சிக்காகவே நோக்கும் காலம் பேராதனையிலே தொடங்கிற்று. 1849 இல் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பொறுப்பை ஏற்று, முப்பது ஆண்டுக் காலம் அங்கே பணியாற்றியவர் ஜோர்ஜ் துவைற்ஸ். செடிகளை ஆராய வந்த அவர், அச்செடிகளைத் தின்னும் புழுக்களையும் விட்டாரல்லர். புழுவை உரிய இலையிட்டு வளர்த்தும், அது கூடு கட்டுவதைக் கண்டும், வெளிவரும் பூச்சியை ஓவியமாக வரைவித்தும் சேர்த்து வைத்தார். அந்த ஓவியங்களை வரைந்தவர்கள் இந்நாட்டவர்களே. பூங்காவின் ஓவியராகப் பல்லாண்டு தொண்டு செய்த ஹர்மானிஸ் டி அல்விஸ் என்பவரின் குடும்பம் அது. அவருடைய மக்களாகிய வில்லியமும் ஜோர்ஜும் புழுவையும் கூட்டையும் பூச்சியையும் உயிர்த்துடிப்புடன் தீட்டினர். இறந்த பூச்சியின் நிறம் பெட்டியிலும் ஓரளவு நிலைக்கும். புழுவின் நிறமோ அது இறந்த மறுநாளே மறைந்துவிடும். உயிரோடு இருக்கும்போதே அருகிருந்து வரைந்தவர்கள் இல்லாவிடின் அந்த அறிவு கிடைத்திராது.

அரசாங்கத்தின் ஆதரவோடு இவையெல்லாம் நூல் வடிவம் பெற்றன. இலண்டனில் இந்திய நூதனசாலையிற் பணிபுரிந்த பிரெடெறிக் மூர், 1859 ஆம் ஆண்டிலேயே ஆசியாவின் பட்டு தரும் அந்துப்பூச்சிகளை ஒருங்கு தொகுத்தவர். அவர் எழுதிய இலங்கையின் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி பற்றிய பெருநூல் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. இருநூற்றுக்கு மேற்பட்ட வண்ணப் படங்கள் அதனை அணி செய்தன. துவைற்ஸ் 1882 இற் கண்டியிலே காலமானார். நூல் நிறைவுற்றதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. இலங்கையில் வாழும் அட்லஸ் பூச்சி மற்ற நாட்டு அட்லஸிலிருந்து வேறானது என்று கண்டு, இத்தீவின் பழம்பெயராகிய தப்ரபேன் என்பதை அதற்கு இட்டவர் மூரே. ஒரு நூற்றாண்டு கழிந்து, 1989 இல் அட்லஸ் இனம் முழுவதையும் மீளாராய்ந்த அமெரிக்க அறிஞர் பெய்க்லர் அப்பெயரை நிலைநிறுத்தினார். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்குமே உரிய பூச்சி அது.

மூரின் நூலுக்குப் பின் நீலகிரியிலே தேயிலைத் தோட்டக்காரராக இருந்த ஜோர்ஜ் ஹாம்சன் இப்பணியைத் தொடர்ந்தார். 1893 இல் இலங்கை அந்துப்பூச்சிகளைப் பற்றிய நூலொன்றையும், 1892 முதல் 1896 வரை இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் அந்துப்பூச்சிகள் பற்றிய நான்கு தொகுதிகளையும் அவர் வெளியிட்டார். இன்றும் ஆராய்ச்சியாளர் முதலிற் கையிலெடுக்கும் நூல்கள் அவை. சிறகின் நரம்பு, காலின் முள், உணர்கொம்பின் அமைப்பு ஆகிய யாவும் அவற்றில் அளந்து கூறப்பட்டுள்ளன. அப்பூச்சி நள்ளிரவில் என்ன செய்கின்றது என்பது மட்டும் அவற்றில் இல்லை. ஊசியிற் குத்திய பூச்சி அதனைச் சொல்லாது.

அக்காலத்து மாத்தளையைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். கோப்பிப் பயிருக்காக மலைக்காடுகள் வெட்டப்பட்ட அந்நாளில், மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர், தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் மாத்தளைக்கு நடந்தனர். பசியாலும் பேதியாலும் வழியிலே மாண்டவர் பலர். இரவில் மரத்தடியிலே தீ மூட்டி உறங்கிய அம்மக்கள் கண்டவற்றை எழுதியவர் இலர். 1869 இற் கோப்பி இலையில் நோய் தோன்றிப் பின்னர் அத்தோட்டங்கள் அழிந்தன. 1880 இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. காடு சுருங்கிற்று, தேயிலை பெருகிற்று. பூச்சியின் பெயர்கள் இலண்டனில் அச்சேறிய அதே காலத்திலேதான் அதன் மரங்கள் இங்கே வீழ்ந்துகொண்டிருந்தன.

பூச்சியின் இரவு வாழ்வு முதன்முதலாகத் தெளிவாக எழுதப்பட்டது பிரான்சு நாட்டின் தென்பகுதிச் சிற்றூர் ஒன்றிலே. ஜீன் ஆன்றி ஃபாபர் என்னும் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒரு மே மாதக் காலையிற் கூட்டிலிருந்து வெளிவந்த பெண் மயில் அந்து ஒன்றைக் கம்பி வலைக் கூண்டில் வைத்திருந்தார். நமது தசர்ப்பூச்சிக்கு உறவான பூச்சி அது. அன்றிரவு ஒன்பது மணியளவில் அவருடைய சிறுமகன் கூவியழைத்தான். வீடெங்கும் பெரும் பூச்சிகள் பறந்தன. ஏறத்தாழ நாற்பது ஆண்பூச்சிகள் சாளரங்களின் வழியே புகுந்து அந்தப் பெண்ணைச் சூழ்ந்தன. எட்டு இரவுகளில் வந்தவை நூற்றைம்பது. அவ்வட்டாரத்தில் அப்பூச்சி அரிதானது. ஆதலால் அவை தொலைவிலிருந்து வந்திருத்தல் வேண்டும். கண்ணால் வந்தனவா? இருள் செறிந்த இரவு அது. ஓசையால் வந்தனவா? பெண் ஊமையாக இருந்தது. கடும் நெடியுள்ள பொருளைக் கூண்டருகே வைத்தும் ஆண்கள் தடுமாறவில்லை. ஆனால் காற்றுப் புகாத பெட்டியிற் பெண்ணை அடைத்தபோது ஒன்றேனும் வரவில்லை. பல ஆண்டுகள் வேறினப் பூச்சிகளிலும் சோதித்த பின்னரே, மனித மூக்குக்கு எட்டாத ஒரு மணமே அழைப்பு என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அடுத்த படியை ஏறியவரும் ஓர் ஆசிரியரே. சீனத்தின் காந்தன் நகரில் செர்மானியப் பள்ளியொன்றின் தலைவராக விளங்கிய ருடோல்ப் மெல், இலங்கையிலும் வாழ்கின்ற அதே சந்திர அந்தைக் கொண்டு சோதனை செய்தார். ஆண்பூச்சிகளுக்கு அடையாளமிட்டுத் தொலைவிற் கொண்டுபோய் விடுவித்தார். நான்கு கிலோமீற்றருக்கு அப்பால் விடப்பட்டவற்றில் நூற்றுக்கு 40 பெண்ணிடம் வந்து சேர்ந்தன. 11 கிலோமீற்றருக்கு அப்பால் விடப்பட்டவற்றில் நூற்றுக்கு 26 வந்தன. 1922 இல் வெளியான இச்செய்தி உலகை வியப்பில் ஆழ்த்திற்று. மணம் 11 கிலோமீற்றர் வரை பரவியது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. ஆண்பூச்சி காட்டை அலசிப் பறந்து, எங்கோ ஓரிடத்தில் மணத்தின் நுனியைத் தொட்டு, பின் அதனைப் பற்றிக்கொண்டு காற்றை எதிர்த்து வருகின்றது என்பதே பிற்கால அறிஞர் கருத்து.

அந்த மணத்தைக் குப்பியில் அடைத்துக் காட்டியவர் செர்மானிய இரசாயன அறிஞர் அடோல்ப் பூட்டெனண்ட். 1939 ஆம் ஆண்டு நோபெல் பரிசுக்கு உரியவராகிய அவர், வீட்டுப் பட்டுப்பூச்சியின் பெண்களிலிருந்து அப்பொருளைப் பிரித்தெடுக்க இருபது ஆண்டு உழைத்தார். ஐந்து இலட்சம் பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து கிடைத்தது சில மில்லிகிராம் மட்டுமே. 1959 இல் அதன் அமைப்பை வெளியிட்டு அதற்குப் பொம்பிக்கோல் என்று பெயரிட்டார். அதே ஆண்டில் கார்ல்சன், லூஷர் என்னும் இருவர் இத்தகைய பொருள்கள் அனைத்துக்கும் பெரமோன் என்ற பொதுப்பெயரை வழங்கினர். மனிதனால் அடக்கப்பட்டுப் பறக்கும் ஆற்றலை இழந்த பூச்சியும் அந்த மணத்தின் துளி பட்டதும் சிறகடித்துத் துடிக்கின்றது. நெடுங்காலத் தட்டு வாழ்வு அதன் பறப்பை அழித்தது. மணத்தை உணரும் ஆற்றலை அழிக்கவில்லை.

இவ்வளவில், சேலைக்காக வளர்க்கப்பட்ட பூச்சி தன் காட்டுறவினரின் கதவைத் திறக்கும் திறவுகோலாயிற்று. ஆண்பூச்சியின் உணர்கொம்பு ஏன் பறவை இறகைப் போல விரிந்திருக்கின்றது என்பது விளங்கிற்று. ஆயிரக்கணக்கான நுண்மயிர்களைக் கொண்ட அது காற்றைச் சல்லடையிட்டு மணத்தின் மூலக்கூறுகளைப் பிடிக்கின்றது. அழைக்கின்ற பெண்ணுக்கு அத்தகைய அகன்ற கொம்பு வேண்டியதில்லை. ஒவ்வோர் இனமும் தனக்கே உரிய கலவையை வெளிவிடுவதாலும், இரவில் வெவ்வேறு வேளைகளில் அழைப்பதாலும், ஒரே காட்டில் வாழும் பூச்சிகள் தம்முள் மயங்குவதில்லை. ஆகவே முன்னோர் கூறிய வரிசையில் விட்டிலின் இடம் மாறுகின்றது. ஒளி அதற்கு விபத்து. நாற்றமே அதற்கு வழி.

இவ்வளவும் அறிந்தபின் மாத்தளைக் காட்டோரத்தில் ஓர் இரவை நோக்கினால் அதன் பொருள் புலப்படும். மழை பெய்து ஓய்ந்த பருவத்தில், கொய்யாக் கிளையிலோ ஒதிய மரத்திலோ இலையோடு பிணைந்து தொங்கும் கூட்டிலிருந்து பெண்பூச்சி வெளிவருகின்றது. ஈரமாகக் கசங்கியிருந்த சிறகு தொங்கித் தொங்கி விரிந்து உலர்கின்றது. அது பறந்து போவதில்லை. வயிற்றில் முட்டைகளின் பாரம். கூட்டின் அருகிலேயே காத்திருக்கின்றது. இரவு வளர்ந்தபின் வயிற்றின் நுனியிலுள்ள சுரப்பியை வெளியே நீட்டி அழைப்பைத் தொடங்குகின்றது. காற்று அந்த மணத்தைச் சிறுசிறு இழைகளாகச் சுமந்து செல்கின்றது. எங்கோ பறக்கும் ஆண் அந்த இழையைத் தொட்டதும் காற்றுக்கு எதிராகத் திரும்புகின்றது. இழை அறுந்தால் இடமும் வலமுமாக வீசி மீண்டும் அதைத் தேடுகின்றது. இவ்வாறு வளைந்து வளைந்து அது பெண்ணை அடைகின்றது.

கூடல் சிறிது நேரத்தில் முடிவதன்று. இரவில் இணைந்தவை பகல் முழுதும் அசையாது ஒட்டியிருந்து மறுநாள் மாலையிற் பிரிவதும் உண்டு. பட்டப்பகலில் கிளையிலே இரண்டு இலைகள் தொங்குவது போலத் தோன்றும் அவற்றைக் கடந்து போகிறவர் அறியார். பிரிந்தபின் பெண் அவ்விரவே முட்டையிடத் தொடங்கும். ஆண் தன்னிடம் எஞ்சிய வலிமையோடு மீண்டும் தேடிப் புறப்படும். வழியிலே வௌவால் உண்டு. சந்திர அந்தின் வால் அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. அதன் அமெரிக்க உறவுப்பூச்சியை ஆராய்ந்தோர், சுழலும் அந்த வால் வௌவாலின் எதிரொலியைத் தன்பால் ஈர்த்து உடலைக் காக்கின்றது என்று 2015 இல் காட்டினர். வாலை இழந்தாலும் பூச்சி பறக்கும். உடலை இழந்தால் வழித்தோன்றலே இல்லை.

வௌவாலுக்கு ஈடு கொடுக்கப் பூச்சி கற்றிருக்கின்றது. விளக்குக்கு ஈடு கொடுக்க அது கற்கவில்லை. விட்டில் ஏன் விளக்கைச் சுற்றுகின்றது என்பதற்கு 2024 இல் ஒரு தெளிவான விடை கிடைத்தது. இரவில் வானமே நிலத்தை விட ஒளியுடையது. ஆகையால் பறக்கும் பூச்சி எந்தப் பக்கம் ஒளி மிகுந்ததோ அந்தப் பக்கம் முதுகைத் திருப்பித் தன் நிலையைச் சரிசெய்து கொள்கின்றது. அருகே செயற்கை விளக்கு எரிந்தால் முதுகை அதன்பாற் சாய்த்துச் சாய்த்து, விடுபட இயலாமற் சுழல்கின்றது. அதனை அங்கே இழுப்பது ஆசையுமன்று, அறியாமையுமன்று. வானம் எதுவென்று அறியும் ஒரு பழைய முறையே அதற்குப் பகையாகிவிட்டது. ஒரு வாரமே வாழும் ஆணுக்கு ஒரு விளக்கைச் சுற்றிக் கழிந்த இரவு, வாழ்வில் ஏழில் ஒரு பங்கு. விடிந்ததும் சுவரோரம் ஒட்டியிருக்கும் அதனைக் காகமோ மைனாவோ கொத்திச் செல்லும். காட்டோரத்தில் பெண் அழைத்த அழைப்பு வீணாகிவிடும்.

விளக்கு ஒன்று, துண்டுபட்ட காடு மற்றொன்று. ஆண் சில கிலோமீற்றர் பறக்க வல்லதுதான். ஆனால் பெண் முட்டையிடும் மரம் அருகிலே வேண்டும். மருதும் ஒதியும் வாதுமையும் வெட்டப்பட்டு, இடையே வெறும் வெளி மட்டும் எஞ்சினால் அடுத்த தலைமுறை இல்லை. நக்கிள்ஸ் மலைக்காடு 2010 இல் மத்திய மலைநாட்டின் ஏனைய இரு காடுகளோடு உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அது பெரும் பேறு. ஆயினும் இப்பூச்சிகள் உயர்ந்த மலைக்காட்டில் மட்டும் வாழ்வனவல்ல. வீட்டுத்தோட்டம், வேலியோரம், குளக்கரை, கைவிடப்பட்ட சேனை ஆகியவற்றுக்கும் அவை உரியன.

அவ்வாறு கைவிடப்பட்ட நிலமும் மீளக்கூடும் என்பதற்கு மாத்தளை மாவட்டத்திலேயே ஒரு சான்றுண்டு. தேயிலைத் தோட்டத்துரையாக இருந்த சாம் பொப்பம் என்னும் ஆங்கிலேயர் 1963 இல் தம்புள்ளைக்கு அருகே புதர் மண்டிய நிலத்தை வாங்கினார். மரக்கன்றுகளை வரிசையாக நட்டு அவர் காடு வளர்க்க முயலவில்லை. முட்புதரை மட்டும் அகற்றி, தாமாக முளைத்த மரக்கன்றுகளுக்கு ஒளியும் இடமும் கொடுத்துக் காத்திருந்தார். முதிரையும் பாலையும் போன்ற வறள்காட்டு மரங்கள் எழுந்தன. அம்மரக்காடு இன்று கண்டியிலுள்ள அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கின்றது. தேவாங்கு முதலிய இரவு உயிர்களைக் காண மக்கள் அங்கே செல்கின்றனர். காடு தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும். அதற்கு இடையூறு செய்யாதிருப்பதும் ஒரு தொண்டு என்பதே அந்நிலம் தரும் பாடம்.

இவ்வரலாற்றை ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். ஒல்லாந்த ஆளுநரிடம் அதிகாரம் இருந்தது. தெனென்றிடம் பரந்த கல்வி இருந்தது. மூரிடம் நூதனசாலை இருந்தது. ஆயினும் பூச்சியின் வாழ்வு புலப்பட்டது, புழுவின் அருகிருந்து அதன் நிறம் மறையுமுன் தீட்டிய ஓவியருக்கும், வைக்கோற் கற்றையிலே பெண்பூச்சியைக் கட்டிய வளர்ப்போருக்கும், சிற்றூரிலும் அயல்நாட்டிலும் கூண்டின் அருகே விழித்திருந்த இரண்டு ஆசிரியர்களுக்குமே. உயிருள்ள பூச்சியை அதன் இடத்திலே, அதன் வேளையிலே காத்திருந்து கண்டவர்கள் அவர்கள்.

அந்தக் காத்திருப்புக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. மாத்தளையின் எந்தப் பாடசாலையிலும் அது இயலும். தோட்டத்துக் கொய்யாவில் ஒரு கூடு தொங்கினால் அதைப் பறிக்காது விட்டு, கண்ட நாளையும் மரத்தின் பெயரையும் கொப்பியில் எழுதலாம். பூச்சி வெளிவந்த நாள், மழை, காற்றின் திசை, நிலவின் நிலை, ஆண் வந்த மணி, பிரிந்த மணி ஆகியவற்றைக் குறிக்கலாம். பாதுகாக்கப்பட்ட காட்டிலிருந்து எதையும் எடுத்து வரவேண்டியதில்லை. எடுத்தல் சட்டத்துக்கும் மாறானது. அவ்விரவில் முற்றத்து விளக்கை அணைத்து விடுதல் மட்டும் வேண்டும். பத்து ஆண்டுகள் இவ்வாறு எழுதப்படும் கொப்பிகள், எந்த மரம் குறைந்தது, எந்த மாதம் பிந்தியது, எந்த ஊரில் பூச்சி வராது போயிற்று என்பதை இந்நாட்டுக்குக் கூறும். மூரின் நூல் சொல்லாத செய்தி அது. மாத்தளையில் வாழ்பவரே எழுதக்கூடியதும் அது.